முறையீடு மைதானத்திலேயே முடியட்டும்

2025 ஜனவரி 24 அன்று பஞ்சாபில் நடந்ததைத் தமிழ்நாடு அதற்குள் மறந்துவிட்டது. பட்டிண்டா மாவட்டத்தில் உள்ள குரு காஷி பல்கலைக்கழகத்தில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மகளிர் கபடிப் போட்டி. தமிழ்நாட்டிலிருந்து அன்னை தெரசா, பெரியார், அழகப்பா, பாரதியார் பல்கலைக்கழகங்களின் மாணவியர் போயிருந்தார்கள். கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழக அணி பீகாரின் தர்பங்கா பல்கலைக்கழக அணியோடு ஆடிக்கொண்டிருந்தபோது, எதிரணி விதியை மீறித் தாக்கியதாக நம் பெண்கள் நடுவரிடம் முறையிட்டார்கள். முறையிடப் போன மாணவியே தாக்கப்பட்டார் என்று புகார் எழுந்தது. அடுத்த சில நிமிடங்களில் அங்கே நாற்காலிகள் வீசப்பட்ட காட்சியை நாடே கைபேசியில் பார்த்தது. அணியின் பயிற்சியாளரைக் காவல்துறை விசாரணைக்கு அழைத்துச் சென்று பிறகு விடுவித்தது. மாணவியருக்குச் சிறு சிராய்ப்புகள்தான், எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்று துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் அறிவித்தார். டெல்லி தமிழ்நாடு இல்லத்தில் தங்கவைக்கப்பட்டு அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

அதன் பிறகு நடந்த விவாதம் முழுக்க வட மாநிலத்தில் தமிழ்ப் பெண்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதைப் பற்றியே இருந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்றும் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே ஒரு அணிக்குக் குறை இருந்தால், அதை யாரிடம் எழுத்தில் கொடுப்பது? யார் எவ்வளவு நேரத்துக்குள் தீர்ப்புச் சொல்வது? அந்தத் தீர்ப்பில் யார் கையெழுத்து இருக்கும்? இந்த மூன்றுக்கும் களத்திலேயே தெளிவான விடை இருந்தால், குறை கைகலப்பாக மாறும் வாய்ப்பு பெருமளவு குறைந்துவிடும்.

பஞ்சாபை மட்டும் குற்றம் சொல்லி நாம் ஒதுங்க முடியாது. பழனி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, கொடைக்கானல் என்று நம் வட்டாரத்துக் கல்லூரிகளுக்குள் நடக்கும் போட்டிகளிலும் இந்த மூன்று கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. இங்கே அடிதடி அபூர்வம். கோபம் இரவில் மின்னஞ்சலாகப் போகிறது. கல்லூரி விளையாட்டோடு பழக்கம் உள்ள எவருக்கும் அந்தக் கடிதத்தின் வடிவம் தெரியும். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று பணிவாகத் தொடங்கும். இரண்டாம் பத்தியில் நடுவர் விலைபோனவர் ஆகிவிடுவார். மூன்றாம் பத்தியில் எதிர்க் கல்லூரியின் பி.டி. சார் வெளியாட்களைச் சேர்த்து ஆடவைப்பவர் ஆகிவிடுவார். கடைசியில் அந்த அணியின் ஆட்டக்காரர் ஒருவரின் பெயர், அவருடைய வயதையும் சேர்க்கையையும் விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு வந்து நிற்கும். நகல் முதல்வருக்கு, பதிவாளருக்கு, பல்கலைக்கழக உடற்கல்வி இயக்குநருக்கு, சில நேரம் பத்திரிகைக்கும். மறுநாள் காலையில் எதிர்த்தரப்பின் பதில் அதைவிட நீளமாக வரும். மதியத்துக்குள் இரண்டும் உடற்கல்வி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வலம் வரும்.

இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்கிறோம். பயிற்சியாளர்களின் நாகரிகம் கருதி மட்டும் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தில் பெயர் வரும் மாணவி என்ன ஆகிறாள் என்பதை நினைத்தே சொல்கிறோம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் போட்டியில் ஆட வயது, முழுநேரப் படிப்பு, சேர்க்கை எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும். அதில் ஆடியதற்கான சான்றுதான் மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் கையில் வைத்திருக்கும் 'படிவம் 3'. ரயில்வேயிலோ வேறு மத்திய அரசுத் துறையிலோ ஒரு வேலை கிடைத்தால் குடும்பமே நிமிரும் என்ற நம்பிக்கையில்தான் ஆயக்குடியிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் பெண்பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து பயிற்சிக்கு வருகிறார்கள். இரண்டு பயிற்சியாளர்களின் பழைய பகையில் எழுதப்பட்ட ஒரு வரி, விசாரணை முடியும்வரை அந்தச் சான்றை நிறுத்திவைத்துவிடும். விசாரணைக்குக் கெடு கிடையாது. அவளுக்கோ படிப்பு மூன்று வருடம்தான்.

தகராறு எவ்வளவு நுண்ணிய இடத்தில் பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கபடியில் போனஸ் புள்ளி கிடைக்க, எதிரணியில் குறைந்தது ஆறு பேர் களத்தில் இருக்க வேண்டும். பாடிப் போனவளின் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டித் தரையில் பட வேண்டும், அந்த நொடியில் பின்னங்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். பின்னங்காலின் விரல்நுனி தரையைத் தொட்டதா இல்லையா என்பதை ஓரத்தில் நிற்கும் நடுவர் வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்லூரிப் போட்டிகளில் மறுபார்வைக்குக் காமிரா கிடையாது. ஆகவே இரு பயிற்சியாளர்களுமே தாங்கள் கண்டதுதான் உண்மை என்று நேர்மையாகவே நம்புகிறார்கள். இரவு மின்னஞ்சலை எழுதுபவர்களில் பலரும் பொய்யர்கள் இல்லை.

காமிரா இருந்தாலும் விதி தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஆடவர் கபடி இறுதியாட்டம் காட்டியது. இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமநிலையில் இருக்க, முடிவுக்கு ஓரிரு நிமிடமே பாக்கி. பவன் செராவத் யாரையும் தொடாமல் ஓரப்பகுதிக்குள் போய்விட்டார், ஈரானின் பிடிவீரர்களும் அவரைத் தொடர்ந்து உள்ளே போனார்கள். பழைய விதிப்படி ஒரு கணக்கு, புது விதிப்படி வேறு கணக்கு. நடுவர்கள் முடிவை மாற்றினார்கள், மீண்டும் மாற்றினார்கள். வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று தங்கம் வென்றது. அன்று கவனிக்க வேண்டியது, அவ்வளவு கசப்புக்கும் இடையே விவகாரம் அங்கேயே பேசப்பட்டு, மீதி ஆட்டம் ஆடி முடிக்கப்பட்டது என்பதுதான். வீரர்கள் பேருந்து ஏறிய பிறகு ஊரிலிருந்து கடிதம் எழுதும் நிலை வரவில்லை.

கடிதம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய கிரிக்கெட் நல்ல பாடம் தருகிறது. 2005 செப்டம்பரில் பயிற்சியாளர் கிரெக் சாப்பல், கேப்டன் சௌரவ் கங்குலியைப் பற்றிக் கிரிக்கெட் வாரியத்துக்கு எழுதிய மின்னஞ்சல் பத்திரிகைக்குக் கசிந்தது. அந்த அணியின் நிம்மதி அதோடு போனது. 2018 நவம்பரில் மகளிர் இருபது ஓவர் உலகக் கோப்பை அரையிறுதியில் மிதாலி ராஜ் அணியில் சேர்க்கப்படவில்லை, இந்தியா இங்கிலாந்திடம் தோற்றது. பயிற்சியாளர் ரமேஷ் பவார் தன்னை அவமதித்ததாக மிதாலி வாரியத்துக்கு எழுதினார், அதுவும் வெளியே வந்தது. பவார் பதில் அறிக்கை கொடுத்தார், அதுவும் வெளியே வந்தது. ஹர்மன்பிரீத் கவுரும் ஸ்மிருதி மந்தனாவும் பவாருக்கு ஆதரவாக எழுதினார்கள். ஒரே அணியில் ஆடும் பெண்கள் கடிதங்களால் இரண்டு அணிகளானார்கள்.

பவாருக்கு அடுத்துப் பயிற்சியாளராக வந்தவர் நம் சென்னையைச் சேர்ந்த டபிள்யூ.வி. ராமன். 2020 மார்ச் 8 அன்று மெல்போர்னில் 86,174 பேர் முன்னிலையில் அந்த அணி உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடியது அவருடைய பயிற்சியில்தான். 2021 மே மாதம் அவரை எடுத்துவிட்டு அதே பவாரை வாரியம் திரும்பக் கொண்டுவந்தது. அணியின் பழக்கவழக்கங்கள் குறித்த தன் கவலையை ராமன் வாரியத் தலைவர் கங்குலிக்கும் ராகுல் திராவிடுக்கும் மின்னஞ்சலில் எழுதினார். நிதானமான மனிதர் என்று பெயரெடுத்தவர் எழுதிய கடிதம். அதுவும் செய்தியானது. 2005-இல் ஒரு கடிதத்தால் அடிபட்ட கங்குலியின் மேசைக்கே 2021-இல் இன்னொரு கடிதம் வருகிறது. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் குறைகளைக் கேட்டு முடிவு சொல்லும் நம்பகமான ஒரு வழியை, உலகத்திலேயே பணக்கார கிரிக்கெட் அமைப்பு ஏற்படுத்திக்கொள்ளவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். பெரிய கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆள் உண்டு, தேர்வுக் குழுவில் இடம் உண்டு. மலையடிவாரத்தில் இருக்கும் சிறு கல்லூரியின் பி.டி. மேடத்துக்கு அந்தக் கோபமான கடிதத்தை விட்டால் வேறு எது இருக்கிறது? அதையும் எழுதாதே என்றால் வலியவன் வைத்ததே சட்டம் ஆகிவிடாதா? இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. மிதாலியின் குறையும் வெறும் ஆத்திரம் என்று தள்ளக்கூடியதல்ல. ஆனால் கடிதத்தால் எளியவருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லாத முகவரிக்குத்தான் அது போகிறது. பதில் வராதபோது அடுத்த கடிதத்தில் நகல் பெறுவோர் பட்டியல் நீள்கிறது, சொற்கள் தடிக்கின்றன. தடித்த சொற்களைக் காரணம் காட்டியே உண்மையான குறையை ஓரங்கட்டுவது அதிகாரத்தில் இருப்பவர்களுக்குச் சுலபம். எழுதும் உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை. எழுதினால் பதில் கட்டாயம் வரும் இடம் ஒன்று வேண்டும் என்கிறோம்.

அந்த இடம் மைதானம்தான். ஒவ்வொரு கல்லூரிப் போட்டியிலும் ஆடும் அணிகளோடு தொடர்பில்லாத மூவர் கொண்ட முறையீட்டுக் குழு உட்கார வேண்டும், மகளிர் போட்டியில் அவர்களில் பெண்கள் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் எழுத்தில் முறையீடு, அடுத்த ஒரு மணிக்குள் காரணத்தோடு கையெழுத்திட்ட தீர்ப்பு, இரு அணிக்கும் நகல். முறையீட்டுக்கு முன்பணம் கட்டும் வழக்கம் பல போட்டிகளில் உண்டு. சிறு கல்லூரிகளை அது தடுக்காத அளவுக்குக் குறைவாக இருக்கட்டும். ஆடுகளத்தின் இரண்டு மூலைகளில் தாங்கியில் பொருத்திய கைபேசி இருந்தாலே போனஸ் கோட்டுத் தகராறுகளில் பலவற்றுக்கு விடை கிடைக்கும். வயது, சேர்க்கை பற்றிய சந்தேகங்களை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுப்பியாக வேண்டும். தோற்ற பிறகு எதிரணி மாணவியின் பிறந்த தேதியைத் தோண்டுவதை ஏற்கக் கூடாது.

நேரக்கெடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது மலைக்காரர்களுக்குப் புரியும். கொடைக்கானலிலிருந்து இறங்கிவந்து ஆடும் அணிக்கு மாலையானால் மலை ஏறும் பேருந்துதான் கவலை. இருட்டுவதற்குள் பெண்பிள்ளைகளை விடுதியில் சேர்க்க வேண்டிய பொறுப்பு கூட வந்த ஆசிரியைக்கு. முறையீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார். பெருமாள்மலை தாண்டுவதற்குள் மனக்குமுறல் கூடிவிடுகிறது, இரவில் அது கடிதமாகிறது. அவரை உட்காரவைத்துக் கேட்டு அனுப்ப ஒரு மணி நேரம் போட்டி அட்டவணையிலேயே ஒதுக்கப்பட்டிருந்தால் அந்தக் கடிதத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

பயிற்சியாளர்களின் நிலையையும் மறைக்க வேண்டியதில்லை. தற்காலிகப் பணியில், குறைந்த சம்பளத்தில், இந்த வருடம் கோப்பை வந்தால்தான் அடுத்த வருடம் வேலை என்ற பயத்தில் இருப்பவர்கள் அவர்களில் நிறையப் பேர். தோல்விக்குக் காரணம் காட்டும் கடிதம் அவர்களுக்கு நிர்வாகத்திடம் தப்பிக்கும் வழி. கோப்பையை வைத்து வேலையை நிர்ணயிக்கும் கல்லூரி நிர்வாகங்கள் தங்கள் ஆசிரியர்களின் மின்னஞ்சல் மொழியைக் கண்டிக்கும் தகுதியை முதலில் சம்பாதிக்கட்டும்.

பட்டிண்டாவில் அடிபட்டது கொடைக்கானலின் பெயரைத் தாங்கிய அணி. ஆகவே இதைத் தொடங்கும் பொறுப்பை அட்டுவம்பட்டியில் இருக்கும் அன்னை தெரசா பல்கலைக்கழகம் ஏற்பதே பொருத்தம். தன்னோடு இணைந்த மகளிர் கல்லூரிகளுக்கு இடையிலான அடுத்த போட்டி அட்டவணையை வெளியிடும்போதே, முறையீட்டுக் குழுவினரின் பெயர்களையும் நேரக்கெடுவையும் அதில் அச்சிட வேண்டும். சொந்த வீட்டில் ஒரு பருவம் இதை நடத்திக் காட்டிய பிறகு, வெளிமாநிலப் போட்டிக்கு மாணவியரை அனுப்பும் முன் அதே ஏற்பாட்டை எழுத்தில் உறுதிசெய்யும்படி, போட்டி நடத்தும் பல்கலைக்கழகத்திடமும் கூட்டமைப்பிடமும் கேட்க வேண்டும். உறுதி தராத இடத்துக்கு நம் பிள்ளைகளை அனுப்பும் அவசியம் இல்லை.