மட்கார்டு யாருக்காக?

புதிய கார் வாங்கப் புகுகின்ற நம்மவர், இருக்கைகளுக்கு எந்த நிறத்தில் உறை போடலாம், பாட்டுக் கேட்பதற்கு எத்தனை ஸ்பீக்கர்கள் வைக்கலாம், வெயில் தாக்காதபடி கண்ணாடிகளுக்கு என்ன செய்யலாம் என்றெல்லாம் குடும்ப சமேதராய் உட்கார்ந்து ஆலோசிக்கிறார்கள். ஆனால் சக்கரங்களுக்குப் பின்னால் தொங்க வேண்டிய மட்கார்டோ, விற்பனையாளர் நீட்டும் உதிரிச் சாமான் பட்டியலில் ஒரு வரியாய் ஒதுங்கிக் கிடந்து, செலவைக் கொஞ்சம் குறைக்கலாமே என்ற பேச்சு எழுந்தவுடன் முதலில் அடிபட்டுப் போகிறது.

இந்த அலட்சியத்துக்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. தனி விலை கொடுத்து நாம் வாங்கி மாட்டுகிற மற்றச் சாமான்கள் உள்ளே இருப்பவரின் சௌகரியத்தை உத்தேசித்தவை. மட்கார்டோ பணம் கொடுத்தவரைக் காட்டிலும், அவருக்குப் பின்னால் வருகின்ற முன்பின் அறியாத மனிதருக்கே அதிக உபகாரம் செய்வது. சைக்கிளில் மட்கார்டு கழன்று போனால் மழைக்காலத்தில் ஒரு நாள்கூடப் பொறுத்திருக்க முடியாது. பின்சக்கரம் வாரி எறியும் சேறு ஓட்டுகிறவரின் முதுகிலேயே கோடு கிழித்து, குறையை உடனுக்குடன் உணர்த்திவிடுகிறது. கார்க்காரருக்கோ, தம் சக்கரம் பிறருக்குச் செய்யும் அபசாரத்தைத் தாமே அனுபவித்து அறிந்துகொள்ளும் சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை.

சுழலும் டயர் தன் பள்ளங்களில் ஏந்திய நீரையும் மணலையும், உருளும் வேகத்திலேயே, வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் வீசி எறிகிறது. முன்சக்கரம் எறிவது கதவுகளின் அடிப்பாகத்தில் மோதி, பொடிக்கற்களால் வர்ணத்தைக் கொத்தித் துருவுக்கு வழி திறந்துவிடுகிறது. ஆகவே சொந்த வண்டியின் க்ஷேமத்தை மாத்திரம் கருதுகிறவருக்கும் மட்கார்டினால் பிரயோஜனம் உண்டு. பின்சக்கரம் எறிவதோ, பின்தொடரும் இருசக்கர வாகனக்காரரின் ஹெல்மெட் கண்ணாடியில் வந்து படிகிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில், அண்ணா சாலை நெரிசலில், வைப்பர் இல்லாத அந்தக் கண்ணாடியை ஒரு கையால் துடைத்தபடி மறு கையால் ஹாண்டிலைப் பிடித்துச் செல்கிறவருக்கு அது வெறும் அசௌகரியமன்று, உயிராபத்து.

ஆயினும் மட்கார்டு மாட்டிவிட்டதோடு கடமை தீர்ந்தது என்று கருதுவதும் பிசகு. தேங்கிய நீரில் வேகமாகப் புகும் டயர், நீரைப் பிளந்து பக்கவாட்டில் தள்ளுகிறதே, பஸ் நிறுத்தத்தில் நிற்பவரைத் தலையோடு கால் நனைக்கும் அந்த வீச்சைச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் எந்த ரப்பராலும் தடுக்க இயலாது. அதைத் தடுக்கவல்லது ஓட்டுகிறவரின் கால் ஒன்றே. ஜப்பானியர் 1960-ஆம் ஆண்டு இயற்றிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 71-ஆவது பிரிவு இவ்விரண்டையும் சேர்த்தே யோசித்திருக்கிறது: சகதியிலும் தேங்கிய நீரிலும் செல்லும்போது, மட்கார்டு பொருத்தியோ வேகத்தைத் தணித்தோ, சேறும் அழுக்கு நீரும் தெறித்துப் பிறருக்குத் தொல்லை நேராதபடி பார்த்துக்கொள்வது ஓட்டுநரின் கடமை என்று அது விதிக்கிறது. பிரிட்டனிலும், குட்டை நீரைப் பாதசாரிகள் மீது வாரியடித்துச் செல்வது, பிறரைக் கருதாமல் வண்டி ஓட்டிய குற்றத்துள் அடங்கக்கூடும்.

வாங்குவதென்று தீர்மானித்த பிறகும், மாட்டுகிற விதத்தில் நமக்குச் சிரத்தை போதாது. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் அந்தந்த மாடலுக்கென்றே வார்த்த மட்கார்டும் கிடைக்கிறது, எந்த வண்டிக்கும் பொதுவானதும் கிடைக்கிறது. வீல் ஆர்ச்சின் வளைவோடு ஒட்டி உட்காரும் முன்னதே சிலாக்கியமானது. முன்சக்கரத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் கை நுழைய இடம் கிடைத்துவிடும். பின்பக்கத்தில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்வதே உத்தமம். கம்பெனியே விட்டிருக்கும் துளைகளை உபயோகிக்க வேண்டுமேயல்லாது, அவசரத்தில் பாடித் தகட்டில் புதிய துளை போடலாகாது. போட்டே தீரவேண்டுமென்றால், வர்ணம் உரிந்த விளிம்பில் பிரைமர் தடவிக் காயவிட்ட பிறகே ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஸ்.எஸ். ரகமாக இருப்பதும், அதன் தலைக்கு அடியில் அகலமான வாஷர் இருப்பதும் முக்கியம். வாஷர் இல்லாத ஸ்க்ரூ, சேற்றின் பாரத்தாலும் காற்றின் உதறலாலும் ரப்பரை நாளடைவில் கிழித்துக்கொண்டு தனியே நின்றுவிடும். எல்லாம் முடிந்தபின் ஸ்டியரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டு, சில நாட்கள் ஓடிய பிறகு ஸ்க்ரூக்களை மறுபடியும் ஒரு முறை முடுக்கிவிட்டால், பெரும்பாலும் மழைக்காலம் முழுதும் கவலை இல்லை. அரைகுறையாய் மாட்டிய மட்கார்டு நெடுஞ்சாலையில் கழன்று விழுமானால், யாரைக் காப்பதற்காக அதை வாங்கினோமோ அவர் முன்னாலேயே போய் விழும் என்பதால், இந்த ஜாக்கிரதை அனாவசியமன்று.

மட்கார்டு வண்டியின் அழகைக் கெடுக்கிறது, காற்றைத் தடுத்து மைலேஜைக் குறைக்கிறது, வேகத்தடையில் இடிக்கிறது என்று ஆட்சேபணைகள் சொல்லப்படுகின்றன. அழகைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை. காற்றின் தடை உண்மையே ஆயினும் அற்பமானது. இடிப்பதோ, நீளத்தை அளவறிந்து தேர்ந்து, வளைந்து கொடுக்கும் ரப்பரில் வாங்கினால் தீர்ந்துபோகிற விஷயம்.

பிரேக் விளக்கும் முக்கியமாகப் பின்னால் வருகிறவருக்காக ஏற்பட்டதுதான். அதை எந்தக் கம்பெனியும் தனி விலை கூறி விற்பதில்லை, வேண்டாமென்று பட்டியலில் அடித்துவிடும் சுதந்திரமும் வாங்குகிறவருக்குக் கிடையாது. அதே நியாயம் மட்கார்டுக்கும் பொருந்தும். பிறருடைய பத்திரத்தை ஒருவருடைய தாராள மனத்துக்கு விட்டுவைப்பது முறையாகாது. ஆதலால் நான்கு சக்கரங்களுக்கும் உரிய மட்கார்டு காரின் விலையிலேயே அடங்கி, தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரவேண்டும் என்று அரசாங்கம் வற்புறுத்த வேண்டும். வாடகைக் கார்களுக்கு எஃப்.சி. பார்க்கும் அதிகாரிகள் விளக்கையும் பிரேக்கையும் சோதிப்பது போலவே, மட்கார்டு இருக்கிறதா, ஆடாமல் நிற்கிறதா என்று குனிந்து கையால் இழுத்துப் பார்க்கவும் வேண்டும்.