நாடகமும் நூலகமும்

தில்லி மண்டி ஹவுஸ் பகுதியில் தேசிய நாடகப் பள்ளி உள்ளது. குழந்தைகளுக்கென 1989ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நாடகக் குழுவும் அதற்கு உண்டு. விடுமுறையில் குடும்பத்துடன் அங்கு ஓர் இந்தி நாடகம் கண்டோம். நகைச்சுவை எனக்கு விளங்குமுன் என் மகள் சிரித்தாள். (மாற்றலாகி வந்து ஏழாண்டுகள் ஆகியும் என் இந்தி அவ்வளவே!)

வெளியே வந்ததும் திருநெல்வேலியிலிருந்து ஆச்சி தொலைபேசியில் கதை கேட்டார். மகள் ஆர்வத்துடன் தொடங்கினாள். 'முகமூடி' என்னும் சொல் வரவில்லை. 'முகௌட்டா' என்றாள். ஆச்சிக்குப் புரியவில்லை. "சரி, அப்பாவிடம் கொடு" என்றார்.

பிள்ளைகளே, இந்தியைத் தடுத்தால் தமிழ் வளரும் என்று நான் கருதவில்லை. நாடகத்தை எம்மொழியிலும் சுவையுங்கள். சுவைத்ததை ஆச்சியிடம் சொல்லத்தான் தமிழ்ச்சொற்கள் வேண்டும். அவை தேர்வுக்குப் படிக்கும் பாடத்தைவிட, நீங்களே விரும்பி எடுக்கும் நூலிலிருந்து எளிதில் மனத்தில் பதியும்.

அன்று மாலையே இராமகிருஷ்ணபுரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்திற்குச் சென்றோம். மகள் மெல்லிய படக்கதை நூலொன்றை எடுத்தாள். "ஆறாம் வகுப்பு மாணவிக்கு இதுவா?" என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். முடித்ததும் மீண்டும் முதற்பக்கத்திற்குத் திரும்பினாள்.