சக்கரத்தின்மேல் அஸ்திபாரம்



முன்னாளில் நாக்ஸ்பேட்டையாயிருந்த நம் மர்பி டவுனில், வாடகை தாளாமல் வண்டியின்மேல் தாமே சிறுவீடு கட்ட விரும்பும் வாலிபர் சிலர் ஆலோசனை கேட்கின்றனர். நாமக்கல் மாவட்டத்து அருண் பிரபு, 2019-இல் பழைய ஆட்டோவின்மேல் 36 சதுர அடி வீட்டைச் சுமார் 1 லட்ச ரூபாயில் அமைத்தார். ஆறு போல்ட்டுகளைக் கழற்றினால் வீடு வேறு, வண்டி வேறு!

இங்கே அடிவண்டியே அஸ்திபாரம். ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ் எண்ணை இரும்பில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அதிலுள்ள மொத்த எடையில் வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதே சுவருக்கும் தொட்டிக்கும் குடும்பத்திற்கும் உரிய பாரம். 250 லிட்டர் தண்ணீரே 250 கிலோ. துருவின்மேல் பெயின்ட் பூசி விற்போருண்டு. வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள்.

ரேகாபியர் கூடாரங்களில் குடியிருந்தே கர்த்தரிடம் நற்சாட்சி பெற்றனர். ஆயினும் வீட்டாரின் சம்மதமும், வண்டி நிறுத்தும் நிலத்துக்காரரின் எழுத்துச் சம்மதமும் பெறுமுன் முன்பணம் கொடாதிருங்கள்.