என் எழுத்தில் வெந்நீர் காய்ந்தது

அரிசி டின்னில், அரிசிக்கு அடியில், பாலிதீன் கவரில் சுற்றி வைத்திருந்தேன். எல்லாம் தினசரி காலண்டர் தாள்கள். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் எழுதினேன். ஓரத்தை ஊசிநூலால் தைத்திருந்தேன். மொத்தம் 212 தாள். 2003 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், அரிசி புடைக்க டின்னைக் கவிழ்த்த மாமியார் கையில் அது சிக்கியது.

"இன்னாமே இது? எவனுக்கு எழுதிகினு கீற?"

அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. எவனுக்கு என்றுதான் கேட்டார். பொம்பளை எழுதினால் அது எவனுக்காவதுதான் இருக்க வேண்டும், தனக்கே எழுதிக்கொள்வாள் என்று எங்கள் கோலார் தங்கவயல் லைனில் யாருக்கும் தோன்றாது.

சாயங்காலம் புருஷன் படித்தார். உள்ளே உட்கார்ந்து படித்திருந்தாலாவது பொறுத்திருப்பேன். வாசலில் நாலு கூட்டாளிகளை உட்கார வைத்து, ராகம் போட்டுப் படித்தார். நைனா இருமி இருமி விடியற்காலையில் எழுந்து உட்காருவாரே, அதைப் பற்றி ஒரு தாள். கீழே சுரங்கத்தில் பாறை வெடித்தால் எங்கள் அலமாரியில் தட்டுகள் கலகலவென்று ஆடும், உடனே லைன் முழுக்கப் பெண்கள் வாசலுக்கு ஓடி வந்து ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்போம், அதைப் பற்றி ஒரு தாள். என் உடம்பைப் பற்றியும் ஒன்று இருந்தது. அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் விடிந்ததும் தாள்கள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. அந்தத் தண்ணீரில்தான் அவர் குளித்தார்.

அன்றிலிருந்து பதினோரு நாள் நான் பேசவில்லை. பேசாத பொம்பளைக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். காத்துக் கருப்பு என்றார்கள். தாயத்து கட்டினார்கள். ஒரு ஜெபக்கூட்டத்தில் தலைமுடியைப் பிடித்து உலுக்கினார்கள். கடைசியில் ஒரு டாக்டர். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, "என்ன பண்றாங்க?" என்று புருஷனைத்தான் கேட்டார். "எதையாவது எழுதிகினே இருக்கா டாக்டர்" என்றார் இவர். எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள், வீட்டு வேலையில் மனசைத் திருப்புங்கள், தூங்க மாத்திரை தருகிறேன். அவ்வளவுதான் வைத்தியம்.

இந்த வைத்தியம் எத்தனை பழசு என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. பெங்களூரில் நான் சமையல் செய்யும் வீட்டு அம்மா காலேஜில் பாடம் நடத்தி ரிட்டயரானவர். ஒருநாள் காய் ஆய்ந்துகொண்டே ஒரு கதை சொன்னார். சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்ற அமெரிக்கப் பெண். 1885இல் குழந்தை பிறந்தபின் மனசு ஒடிந்துபோனவள். 1887இல் வைர் மிட்செல் என்ற பேர்பெற்ற டாக்டரிடம் போனாள். படுக்க வைத்து, ஊட்டி ஊட்டித் தேற்றி, வீட்டோடு இரு, குழந்தையோடு இரு, பேனாவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினாராம். பைத்தியத்தின் விளிம்புவரை போனவள், மீண்டு வந்து எழுதிய கதை 1892இல் வெளிவந்தது. பெயர் 'மஞ்சள் சுவர்த்தாள்'. மாடி அறையில் ஓய்வு என்ற பெயரில் அடைக்கப்பட்டவள், சுவரில் ஒட்டிய தாளுக்குப் பின்னால் இன்னொரு பெண் கம்பிகளைப் பிடித்து ஆட்டுவதைப் பார்க்கிறாள்.

கேட்டதும் அழுகை வரும் என்று அந்த அம்மா நினைத்திருப்பார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுக்கு ஒரு ரூம் இருந்ததே!

கோலார் தங்கவயல் லைன் வீடுகளை நீங்கள் பார்த்ததுண்டா? ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே பிரசவம், அதிலேயே சாவு. ஆறு பேர் இருக்கிற வீட்டில் பைத்தியம் பிடிக்கக்கூட இடம் கிடையாது. துவரங்குறிச்சியில் வயசுக்கு வந்ததும் வீட்டுக்குள் வைக்கப்பட்ட சல்மா, கழிப்பறைக்குள் ஒளிந்து நின்று கவிதை எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். எழுதியதை வெளியே கடத்தி, மாற்றுப் பெயரில் அச்சேற்றி, 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலையும் கொடுத்துவிட்டார். அவரைக் கும்பிடுகிறேன். ஆனால் எங்கள் லைனில் கக்கூசும் பொது. வெளியே நாலு பேர் சொம்போடு நிற்பார்கள். வங்காளத்தில் ராசசுந்தரி தேவி ஒரே ஒரு ஏட்டை உருவி அடுப்படியில் ஒளித்து வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாராம். 1876இல் அவருடைய சுயசரிதையே அச்சில் வந்துவிட்டது. நூற்றிருபத்தேழு வருஷம் கழித்து என் அடுப்படி ஏட்டை எரிக்கிறது.

சுரங்கம் ஓடின காலத்தில் எனக்கு எட்டு மணி நேரம் இருந்தது. சங்கு ஊதினால் ஷிஃப்ட். புருஷன் கீழே இறங்கினால் நான் மேலே உட்கார்ந்து எழுதுவேன். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். ஊரே அழுதது, நானும் அழுதேன், சோறு போச்சே என்று. ஆனால் வேறொன்றும் போனது, அதை வெளியே சொல்ல முடியுமா? வேலை போன ஆம்பிளை இருபத்துநாலு மணி நேரமும் அந்த ஒரே அறையில். அப்புறம் குழாயடியில், குடம் வரிசையில் நகரும் நேரத்தில் மட்டும் எழுதினேன்.

இந்த ஊர்க் கணக்கைச் சொல்ல ஆள் பஞ்சம் இல்லை. ஏறத்தாழ 800 டன் தங்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட். ஆம்பிளைகளின் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், சிலிகோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். நஷ்டஈடு கேட்கச் சங்கம் இருந்தது, சங்கத்துக்குக் கொடி இருந்தது. கேட்டது தப்பே இல்லை, என் நைனாவும் அந்த நெஞ்சோடுதான் போனார். ஆனால் அவர் இருமலுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் தூங்காமல் கிடந்த என் அம்மாவின் மண்டைக்குள் என்ன படிந்தது என்று எந்த எக்ஸ்ரே எடுத்தீர்கள்? பெண் பூமிக்கடியில் இறங்கக் கூடாது என்றது 1952ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம். மேலே இருந்தபடியே நாங்கள் புதைந்ததை எந்தச் சட்டம் பார்த்தது?

நாங்கள் வாயே திறப்பதில்லை என்று சொல்லவில்லை. திறக்க நீங்களே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். ஆடி மாசம் சாமி வந்தால் ஒருத்தி புருஷனைப் பேர் சொல்லித் திட்டலாம், அவனே கற்பூரம் காட்டுவான். புருஷன் செத்தால் ஒப்பாரி பாடலாம். எங்கள் ஆயா தாத்தா பிணத்தருகே உட்கார்ந்து மூன்று மணி நேரம் பாடினாள். அடி வாங்கியது, பட்டினி கிடந்தது, முதல் பிள்ளையைப் புதைத்தது, எல்லாம் எதுகை மோனையோடு வந்தது. லைனே உறைந்துபோனது. இவ்வளவும் எங்கே இருந்தது இவளிடம் என்று கேட்டார்கள். நாற்பது வருஷம் உங்கள் தட்டில் சோறு போட்டுக்கொண்டு இருந்தது ஐயா, வேறெங்கே?

பெங்களூர் வீட்டு அம்மா இன்னொரு கதையும் சொன்னார், 1847இல் வந்த 'ஜேன் அயர்'. மாடியில் பூட்டப்பட்ட முதல் மனைவி உறுமுகிறாள், கடிக்கிறாள், வீட்டைக் கொளுத்திவிட்டுச் சாகிறாள். தன் கதையைத் தானே சொல்ல அவளுக்கு இடமே இல்லை. இடம் கொடுத்து 1966இல் ஜீன் ரீஸ் என்பவர் தனி நாவல் எழுத வேண்டியிருந்தது. கதையில் இருப்பவளுக்கு நூறு வருஷம் கழித்தாவது ஒருத்தி வந்தாள்.

எனக்கு யாரும் வரவேண்டாம். இப்போது விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுகிறேன். சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொன்றிலும் கூட்டம் ஏறும், பங்காருப்பேட்டைக்குப் பிறகு கையை அசைக்க முடியாது. அதுவரைக்கும் ஜன்னலோரம் நோட்டை மடியில் வைத்து எழுதுவேன். எரிந்ததை நினைவிலிருந்து எடுக்கிறேன். 212இல் 41 வந்திருக்கிறது. உடம்பைப் பற்றி எழுதியதுதான் முதலில் வந்தது.