கணக்கில் வராத கஷாயம்

2008ஆம் ஆண்டு ஜனவரியில், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்துக் கிளைவ் தெருவில், சிக்குன்குனியா காய்ச்சல் உள்ளூர்க் கொசுக்களின் வாயிலாகவே பரவத் தொடங்கியது முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் அக்கம்பக்கத்து ஜனங்களின் இரத்தத்தைப் பரிசோதித்து, கிருமி காணப்பட்டவர்களைக் கொசு அண்டாதபடி தனிமைப்படுத்தி, கொசுக்கள் பெருகும் இடங்களைத் தேடி அழித்து, 13 பேரோடு அந்தப் பரவலை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், 1924 முதல் இரு கரைகளையும் இணைத்து நிற்கும் பாலத்துக்கு இப்பால், நமது ஜொகூரில் தலைகாட்டிய அதே நோயோ, மாநில எல்லைகளைத் தாண்டி நாடெங்கும் பரவி, 10,000க்கும் மேற்பட்டோரை மூட்டுவலியால் முடக்கிப் போட்டது.

இதைக் கொண்டு ஜொகூரின் அதிகாரிகள் அசட்டையாக இருந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. கிளைவ் தெரு என்பது நகரத்தின் நடுவே நெருங்கி நிற்கும் சில கட்டடங்கள். ஜொகூரோ ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் அவற்றையொட்டி எழுந்த தாமான்களும் விரவிக் கிடக்கும் விசாலமான பிரதேசம். அன்றியும், 2005-06இல் ரியூனியன் தீவைப் பாழ்படுத்திய கிருமியில், அதன் மேலுறைப் புரதமொன்றின் 226ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்தச் சிறு மாற்றமே, புதர்களிலும் தோட்டங்களிலும் வாழும் புலிக்கொசுவின் உடலில் கிருமி செழிப்பதற்கு ஏதுவாயிற்று. மலேசியாவில் 2008இல் பரவியதும் அம்மாற்றம் பெற்ற கிருமியே. சிங்கப்பூரும் அவ்வாண்டின் பிற்பகுதியில் அதனிடமிருந்து தப்பவில்லை. இவ்வளவும் நமக்குத் தெரிய வந்ததற்குக் காரணம், நோயாளிகளின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்த ஆராய்ச்சியாளர்களின் உழைப்பேயாகும்.

ஆனால் அந்தக் காய்ச்சலின்போது மாசாயிலும் கூலாயிலும் குளுவாங்கிலும் நம்மவர் வீடுகளின் அடுப்பில் கொதித்த கஷாயத்தைப் பற்றி எந்த ஆவணமும் பேசவில்லை. காய்ச்சல் என்றதும் நிலவேம்பைத் தேடுகிறவர் தமிழர். அதே செடியை ஹெம்பெடு பூமி என்று பெயரிட்டு முற்றத்தில் வளர்க்கிறவர் மலாய்க்காரர். டெங்கு என்று வைத்தியர் சொன்னவுடன் பப்பாளி இலையைப் பறிக்க ஓடுவதில் இனபேதமே கிடையாது. இத்தனை பேர் குடித்ததில் பயன்பெற்றவர் எவ்வளவு, பயனில்லாது போனவர் எவ்வளவு, தாமதத்தால் தீங்கடைந்தவர் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு நம்மிடம் விடை இல்லை. நோயைக் கண்காணிக்கும் துறை இலையைப் பற்றிக் கேட்பதில்லை. இலையைப் போற்றுகிறவர்கள் நோயை அறிவிப்பதில்லை. மூலிகைக்கு இதைவிடப் பெரிய அநீதி வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். எண்ணப்படாத நோயாளியைக் குணப்படுத்திய மருந்து, உலகத்தின் முன்னே யாரையும் குணப்படுத்தாத மருந்தாகவே நின்றுவிடுகிறது.

எண்ணிப் பார்த்த ஒரு முயற்சி நம் நாட்டிலேயே உண்டு. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்கள், டெங்கு நோயாளிகள் 228 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையை மட்டும் அளித்து, மற்றவர்களுக்கு அதனுடன் 50 கிராம் பச்சைப் பப்பாளி இலையிலிருந்து பிழிந்த சாற்றை மூன்று நாள் குடிக்கக் கொடுத்து, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத் தட்டணுக்களை எண்ணிப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் வேளைச் சாறு உள்ளே போன 40 மணி நேரத்தில், சாறு குடித்தவர்களின் தட்டணுக்கள் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தன. தட்டணு உற்பத்தியோடு தொடர்புடைய இரண்டு மரபணுக்கள் அவர்களிடம் மிகுந்து செயற்பட்டதும் தெரிந்தது. பாட்டியின் கைவைத்தியத்தில் ஏதோ ஒரு சத்தியம் இருக்கிறது என்று எண்களால் பேசிய ஆராய்ச்சி அது.

எனினும் அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். யார் சாறு குடிக்கிறார் என்பது வைத்தியருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்த பரிசோதனை அது. அதைவிட முக்கியமான விஷயம், டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவன்று; இரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசிந்து வெளியேறுவதால் நேரும் அதிர்ச்சியே ஆகும். அந்தக் கசிவு உச்சமடைவது காய்ச்சல் தணிகின்ற நாளில். உடம்பு குளிர்ந்துவிட்டது, சாறு வேலை செய்துவிட்டது என்று வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்ற அந்த நாளிலேதான், கடுமையான வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் கண்ட நோயாளியை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

நிலவேம்புக்கு வருவோம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்னும் ஒன்பதையும் சம அளவில் சேர்த்துக் காய்ச்சும் நிலவேம்புக் குடிநீரை, 2012இல் டெங்கு பரவியபோது தமிழ்நாட்டு அரசே மருத்துவமனைகளில் வழங்கிற்று. பின்னர் டெல்லி ஆய்வுக்கூடமொன்றில் இதன் சாரம், கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்களில் டெங்கு, சிக்குன்குனியா ஆகிய இரு கிருமிகளையும் ஒடுக்கியது. நிலவேம்பின் கசப்புக்கு மூலமான ஆண்ட்ரோகிராபோலைடு, சிக்குன்குனியாக் கிருமியைத் தடுத்ததைத் தாய்லாந்து விஞ்ஞானிகள் 2015இல் எழுதினார்கள். கிண்ணத்தில் கண்டது மனித சரீரத்திலும் நடக்கும் என்பதற்கு இவை நிரூபணம் ஆகா. நடக்கக்கூடும் என்று மேலும் தேடுவதற்குப் போதிய காரணங்கள் என்பதில் சந்தேகமில்லை.

இங்கே கடைத்தெரு விளம்பரங்களின் வாக்கு ஒன்றைச் சற்று நின்று ஆராய வேண்டும். எல்லாப் பொட்டலங்களும் 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்றே கூறுகின்றன. ஆனால் ஆண்ட்ரோகிராபோலைடைப் பற்றி அறிவியல் நன்றாக அறிந்திருக்கும் குணம், அது செல்லினுள் அழற்சியைத் தூண்டும் விசையொன்றைக் கட்டுப்படுத்துகிறது என்பதாகும். அதாவது, எதிர்ப்பைப் பெருக்குவதைவிட, மிஞ்சிய எதிர்ப்பை அடக்குகின்ற பொருள் என்று சொல்வதே பொருந்தும். டெங்குவிலோ, நான்கு வகைக் கிருமிகளில் ஒன்று தந்த எதிர்ப்பணுக்களே, பிறிதொரு வகை இரண்டாம் முறை தாக்கும்போது அதற்குத் துணைநின்று நோயை உக்கிரமாக்கக்கூடும். ஆகவே நமக்கு வேண்டியது வெறும் பெருக்கமன்று. எந்த நோயில், எந்த நாளில், எவ்வளவு அடக்குவது, எவ்வளவு தூண்டுவது என்ற அளவறிவே வேண்டும். சிலி நாட்டுக் குயில்லாயா மரப்பட்டையிலிருந்து பிரித்த ஒரு பொருள், இன்று உலகெங்கும் போடப்படும் அக்கித் தடுப்பூசி ஒன்றில் 50 மைக்ரோகிராம் அளவில் சேர்ந்து எதிர்ப்பைத் தூண்டுகிறது. குழந்தைகளுக்கான மலேரியாத் தடுப்பூசிகளிலும் அப்பட்டையின் சாரமே துணைநிற்கிறது. மரப்பட்டை அங்கே போய்ச் சேர்ந்தது துல்லியமான அளவீட்டின் வழியாகத்தான்.

தோட்டத்து முன்னோர் இதை வேறு விதமாக அறிந்திருந்தார்கள். மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா என்பதும் மரப்பட்டையின் சாரமே. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அதை விழுங்கிவிட்டு வேலைக்குப் போன தலைமுறை நம்முடையது. அந்நாளில் சிலாங்கூரில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர், தோட்டக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, வீங்கிய மண்ணீரல் எத்தனை பேருக்கு என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கொண்டே எந்தத் தோட்டத்தில் மலேரியா ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்டார். பட்டையும் பதிவேடும் ஒரே களத்தில் இருந்தன.

இன்று அவற்றை மீண்டும் ஒன்றுசேர்க்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், மருத்துவரை மட்டுமன்றி, தம் வீட்டில் தொற்றுநோய் இருப்பதை அறிகின்ற வயதுவந்த ஒவ்வொருவரையும் அதை அறிவிக்கும்படி பணிக்கிறது. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய மருத்துவச் சட்டமோ, சித்த வைத்தியர்கள் பதிவுபெற்றுத் தொழில் செய்ய வழி வகுத்திருக்கிறது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தார் டெங்கு நோயாளியை விசாரிக்கும்போது, எந்த இலை, எவ்வளவு, காய்ச்சலின் எத்தனையாம் நாள் என்று மூன்று கேள்விகளைக் கூட்டிக் கேட்கலாம். கேட்கும்போது முகஞ்சுளிக்காமல் கேட்க வேண்டும், சுளித்தால் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். சித்த வைத்தியர்கள் தம்மிடம் வரும் காய்ச்சல்காரரை அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். நிலவேம்பின் கசப்புச் சத்து இலையில் மிகுதி, பூப்பதற்கு முன் மிகுதி என்பதால், கடைகளில் விற்கும் பொட்டலங்களில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லும் பணியை ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஏற்கலாம். ஜொகூர் பாரு மாவட்டத்தில் டெங்கு ஓயாத தாமான்கள் சிலவற்றில் மட்டும் ஓராண்டு இதை நடத்தினாலும், அடுத்த பரிசோதனையைப் பப்பாளி இலையில் தொடங்குவதா, நிலவேம்பில் தொடங்குவதா, எந்த அளவில் தொடங்குவது என்று தீர்மானிக்கத் தேவையான விவரங்கள் கைக்கு வந்துவிடும்.