மருந்தாய்வில் நோயரும் பங்காளரே!

மருத்துவமனையிடம் நோயர் உளர், ஆராய்தற்கு நேரமில்லை. பல்கலைக்கழகத்திடம் ஆராயும் முறையும் கணக்கியலறிவும் கருவிகளும் உள, நோயர் இலர். ஆகவே, இவ்விரண்டும் கைகோத்தல் இயல்பானது மட்டுமன்று, இன்றியமையாததுமாகும். இக்கூட்டு முறையாக அமைந்தவிடத்து உலகம் பெற்ற நலம் பெரிது. முறை தவறியவிடத்து ஏழை எளியோர் பட்ட இழிவும் பெரிது. இரண்டற்கும் எடுத்துக்காட்டு நம் மண்ணிலும் நம் அண்டை மண்ணிலுமே உண்டு. தமிழன்பர்கள் அவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

1956-ஆம் ஆண்டில் சென்னையில், மக்கள் காசநோயென வழங்கும் என்புருக்கி நோய்க்கு மருந்தாய்வு நடுவம் ஒன்று தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், அன்றைய சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் அதிற் கூடின. அந்நோயர்க்கு நலமனைகளில் நெடுநாள் ஓய்வும் நல்லுணவும் தூய காற்றும் வேண்டுமென்பதே அந்நாளைய மருத்துவக் கொள்கை. ஆனால், நோயர் எல்லார்க்கும் படுக்கை தருதல் எந்த அரசாலும் இயலாது. எனவே, எழுந்த வினா ஒன்றே: வீட்டிலிருந்தபடியே மருந்துண்டால் நோய் தீருமா?

193 நோயரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் நலமனைக்குச் சென்றனர். மறுபிரிவினர் நெருக்கடியும் வறுமையும் மிக்க தம் வீடுகளிலேயே இருந்தனர். இருசாரார்க்கும் ஒரே மருந்துகள் ஓராண்டு தரப்பெற்றன. 1959-இல் முடிவு வெளிவந்தது. நலமனையினர்க்கு உணவும் ஓய்வும் மிகுதியாயிருந்தும், நோய் தீர்ந்தோர் அளவில் பெரு வேறுபாடில்லை. வீட்டிலிருந்தோரால் அவர்தம் குடும்பத்தார்க்கு நோய்த்தொற்று மிகவுமில்லை. இவ்வொரு முடிவு உலகின் மருத்துவ முறையையே மாற்றியது. வேலையையும் குடும்பத்தையும் விட்டுப் பிரியாமல் நலம் பெறும் வாய்ப்பு, நாடுதோறும் ஏழை நோயர்க்குக் கிட்டியது. அவ்வறிவை உலகுக்கு ஈந்தோர் சென்னையின் ஏழை மக்கள் என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்?

இன்னுமொன்று. நெற்கதிரோ வைக்கோலோ கண்ணிற் குத்திய உழவர்க்குக் கருவிழியில் பூஞ்சை பற்றிப் புண்ணாதல் நம் சிற்றூர்களில் நேர்வது. அதற்குப் பழைய மருந்தாகிய நேட்டமைசின் நன்றா, புதியதாகிய வோரிகோனசோல் நன்றா என்பது மருத்துவர்க்கு ஐயமாயிருந்தது. அரவிந்து கண் மருத்துவமனையும் சான்பிரான்சிசுகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் கூடி 2010, 2011-ஆம் ஆண்டுகளில் 323 நோயரிடத்து அதனை ஆராய்ந்தன. பழைய மருந்தே மேலென 2013-இல் அறிவித்தன. நம் உழவர் கண்ணிலிருந்து எழுந்த வினாவுக்கு நம் உழவர் கண்ணுக்கே பயன்படும் விடை கிடைத்தது. முறையான கூட்டு என்பது இதுவே.

இனி, மறுபக்கத்தைக் காண்போம். அமெரிக்க நாட்டில் 1932 முதல் 1972 வரை நாற்பதாண்டுகள், அரசின் பொதுநலத்துறை தசுகீகிக் கல்விக்கழகத்தின் துணையொடு, சிபிலிசு என்னும் பால்வினை நோயுற்ற கறுப்பின மக்களை உண்மை கூறாமல் ஆய்ந்தது. நோய் தீர்க்கும் பெனிசிலின் வந்த பின்னும் அதனை அவர்க்குத் தரவில்லை.

நமக்கு அண்டையிலும் இத்தகைய பிழை நேர்ந்தது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் நடுவத்தில், 1999, 2000-ஆம் ஆண்டுகளில், சான் ஆப்கின்சுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் கூட்டில், வாய்ப்புற்று நோயர் இருபதின்மர்க்கு மேற்பட்டோர்க்கு ஆய்வுமருந்து ஊசிவழிச் செலுத்தப்பெற்றது. 2001-இல் அது வெளிப்பட்டது. தன் அறக்குழுவின் ஒப்புதலின்றி அவ்வாய்வு நடந்ததென்றும், மாந்தர்க்குச் செலுத்துமுன் விலங்குகளிடத்துப் போதிய அளவு ஆய்ந்து பார்க்கவில்லையென்றும் அப்பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. அப்பேராசிரியர் இனி மாந்தரிடத்து ஆய்வு நடத்தலாகாதெனத் தடையும் விதித்தது. தடை வந்தது, ஆனால் ஊசி ஏறிய பின்னரே வந்தது!

இவை கேட்ட நம் இளைஞர் சிலர், ‘வெளிநாட்டார் கூட்டே வேண்டா, நம் மக்கள் ஆய்வு எலிகளோ?’ என்று கொதிக்கின்றனர். அக்கொதிப்பில் உண்மையுண்டு, முடிவில் பிழையுண்டு. கதவை முற்றும் அடைத்திருப்பின் 1956-இன் நடுவமும் இராது. உழவர் கண்ணுக்கு விடையும் இராது. கேடு கூட்டில் இல்லை. இருவர் கூடி மூன்றாமவரை மறந்ததில்தான் உள்ளது. அம்மூன்றாமவரே நோயர்.

சட்டம் அவரை மறக்கவில்லை. இந்திய அரசு 2019-இல் வகுத்த மருந்தாய்வு நெறிகள், நோயர்க்கு விளங்கும் மொழியில் எழுத்துவழி இசைவு பெறல் வேண்டுமென்றும், ஆய்வால் தீங்கு நேரின் இழப்பீடு தரல் வேண்டுமென்றும் கூறுகின்றன. ‘விளங்கும் மொழி’ என்னும் இவ்விடத்தேதான் தமிழாசிரியராகிய எமக்கும் பொறுப்பு வருகின்றது.

சில ஆண்டுகட்கு முன் ஓர் ஆய்வுக்குரிய இசைவுத்தாளைத் திருத்தித் தருமாறு எம்மைக் கேட்டனர். அது தமிழெழுத்தில் எழுதிய ஆங்கிலமாகவே இருந்தது. யாம் சினங்கொண்டு, அயற்சொல் ஒன்றுமின்றி அதனைப் புதிதாக எழுதிக் கொடுத்தோம். உள்ளுக்குள் பெருமையும் கொண்டோம். பின்னர் அதனை ஒரு மூதாட்டியாரிடம் படித்துக் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாஞ் சரி ஐயா, நான் வேண்டாமென்றால் எனக்கு மருந்து தருவீர்களா, மாட்டீர்களா?” என்றார். அதற்கு விடை அத்தாளில் இருந்தது. நான்காம் பத்தியில், ஏழு வரி நீண்ட ஒரு சொற்றொடரின் நடுவில்! எம் தமிழ் தூயதாயிருந்தது, அவர்க்குத் துணையாயில்லை. தூய தமிழ் என்பது தெளிந்த தமிழுமாதல் வேண்டுமென அன்று கற்றோம். ‘நீங்கள் மறுக்கலாம்; மறுத்தாலும் உங்களுக்குரிய மருத்துவம் குறையாது’ என்பதை முதல் வரியாக்கினோம்.

ஆகவே, மருத்துவமனைகட்கும் பல்கலைக்கழகங்கட்கும் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஆய்வு வினா நம் மக்களின் நோயிலிருந்து எழுதல் வேண்டும். நல்கை தருவார் விருப்பத்திலிருந்து மட்டும் எழலாகாது. இரண்டாவது, இசைவுத்தாள் எளிய நல்ல தமிழில் அமைதல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதார் ஒருவர் அதனைக் கேட்டுத் தம் சொல்லில் திருப்பிக் கூறிய பின்னரே கைந்நாட்டு வாங்கல் வேண்டும். மூன்றாவது, ஆய்வு முடிந்தபின் முடிவை நோயர்க்குத் தமிழில் அறிவித்தல் வேண்டும். எல்சிங்கியில் 1964-இல் உலக மருத்துவர் சங்கம் வெளியிட்ட அறிக்கை, பின்வந்த திருத்தங்களில் இவ்வுரிமையை ஏற்றுள்ளது. ஆயினும், முடிவுகள் ஆங்கில இதழ்களில் உறங்குகின்றன. உடலைத் தந்தவர் ஒன்றும் அறியார்.

தமிழாசிரியர்களே! உங்கள் ஊர் மருத்துவமனையில் இத்தகைய ஆய்வு நடப்பின், இசைவுத்தாளை எழுதித் தர முன்வாருங்கள். அங்குள்ள அறக்குழுவில் பொதுமக்கள் சார்பில் ஒருவர்க்கு இடமுண்டு. அழைத்தால் மறுக்காது சென்று அமருங்கள். எழுதியதை ஒரு மூதாட்டியாரிடம் படித்துக் காட்டுங்கள். அவர்க்கு விளங்கிற்றாயின் அது தமிழ். விளங்கவில்லையாயின் மீண்டும் எழுதுங்கள்!