மூடுபனியை நகல் என்போருக்கு

‘மூடுபனி’ என்றதும் ‘சைக்கோவின் நகல்’ என்று இரண்டே சொற்களில் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள் நம்மவர்கள். 1960இல் வெளிவந்த ஹிட்ச்கொக்கின் படத்துடைய சாயல், 1980இல் வந்த இப்படத்தில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் சாயல் வேறு, நகல் வேறு. சைக்கோ கொலையாளியை இறுதிவரை மறைத்துவைக்கிறது. மூடுபனி அவனை நம்மிடம் ஒளிக்கவில்லை. ஆகவே இங்கு திகில் மர்மத்தில் இல்லை, நடிகர்களின் முகங்களில் இருக்கிறது.

தாயைத் தந்தை வதைக்கக் கண்டு வளர்ந்த சந்துருவுக்கு உரத்த சிரிப்பையோ உருட்டும் விழிகளையோ பிரதாப் போத்தன் தரவில்லை. தாழ்ந்த குரலிலேயே நம்மை அஞ்சவும் இரங்கவும் வைக்கிறார். அவனால் கடத்தப்படும் ரேகாவாக ஷோபா. அலறலைக் காட்டிலும் அவரது மௌனமே அச்சத்தைக் கூறுகிறது.

படம் திரைக்கு வருமுன்பே, 1980 மே மாதத்தில், தமது 17ஆவது வயதில் ஷோபா மறைந்தார். அம்மரணத்தைப் பற்றி எழுதித் தீர்த்த பக்கங்களில் பத்திலொன்றேனும் அவரது நடிப்புக்குக் கிடைத்ததா? என் தொழிலைச் சார்ந்தோரும் இதற்குப் பொறுப்பாளிகளே.

பாலு மகேந்திராவை மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் என்று கொண்டாடுவோர் முதலில் இப்படத்தை முழுமையாகப் பார்க்கட்டும். தீர்ப்பைப் பிறகு எழுதலாம்.